எந்த ஊர் மணி?

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சிஷ்யருக்கு ஐம்பத்தாறு. குரு சிஷ்யரை "அண்ணே" என்று கூப்பிடுவார். சிஷ்யர் குருவை "டீச்சர்" என்பார். காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. இப்படியும் ஒரு மடம் நாகப்பட்டினத்துக்கு வடக்கே, வெள்ளாற்றுக்குப்பத்தில் நடந்தது.

மடம் என்றால் மீனவர் சங்கத்தின் பின்னறை. அங்கே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் முருகன் படம், சரியாக மூடாத ஒரு ஜன்னல். ஆழக்கடலுக்குப் போன படகுகளுக்குக் காற்று, மழை, புயல் பற்றிச் செய்தி அனுப்புவது அந்தக் கம்ப்யூட்டரின் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது சிங்காரவேலுவின் வேலை.

சிங்காரவேலு முப்பது வருஷம் கடலில் வலை இழுத்தவர். முதுகு போனபின் சங்கம் அவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது. உட்கார்ந்தால் போதுமா? நாகையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் நீலாயதாட்சியிடம் போய், கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் கூச்சத்தோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நன்றாகவே கற்றார். டீச்சர் எதையும் நேராகச் சொல்லித் தொலைக்க மாட்டார் என்பது மட்டும் அவருடைய தீராத குறை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. விடியும்போதே வாடைக் காற்று பிடித்துக்கொண்டது.

காலையில் தலைமை நிலையத்திலிருந்து போன். "புயல் திசை மாறுது. செய்தி அனுப்புற மென்பொருளுக்குப் புது அப்டேட் விட்டிருக்கோம். உடனே ஏத்திக்கிங்க. மத்தியானத்திலேருந்து பழசு வேலை செய்யாது."

"ஆகட்டுங்க" என்றார் சிங்காரவேலு. பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. பிறகு சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது.

மறுபடி அழுத்தினார். மறுபடி சிவப்பு.

கரையோரம் நின்ற படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திச் சொல்லியாகிவிட்டது. அவை எல்லாம் திரும்பிவிட்டன. இன்னும் பதினோரு படகுகள் ஆழத்தில் கிடந்தன. அங்கே போனும் எட்டாது, வயர்லெஸ்ஸும் எட்டாது. படகுக்கு ஒன்றாகச் சங்கம் கொடுத்த செயற்கைக்கோள் பெட்டிக்கு மட்டும்தான் எட்டும். அந்தப் பெட்டிகளோடு பேசத் தெரிந்தது இந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

அந்தப் பதினொன்றில் ஒன்று 'சிக்கல் வேலவன்'. அதில் சிங்காரவேலுவின் மகன் புகழேந்தி இருந்தான்.

மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சொருகினார். கம்ப்யூட்டரை அணைத்து உயிர்ப்பித்தார். இன்டர்நெட்காரனுக்குப் போன் போட்டு அவன் குடும்பத்தையே விசாரித்தார். தலைமை நிலையத்துக்குப் போட்டார்.

"மத்த ஊர்ல எல்லாம் ஏறிடுச்சுங்க. உங்க பக்கம்தான் ஏதோ கோளாறு."

"எங்க பக்கம் ஒரு கோளாறும் கிடையாது. நீங்க அனுப்புற ஃபைலுதான் கெட்டுக் கிடக்கு."

அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். சிங்காரவேலு டீச்சருக்குப் போட்டார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார்.

டீச்சர் ஒன்று மட்டும் கேட்டார். "கம்ப்யூட்டர்ல மணி சரியா இருக்காண்ணே?"

சிங்காரவேலு திரையின் மூலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுத்தமா இருக்கு டீச்சர். ஒரு நிமிஷம் கூட முன்ன பின்ன இல்ல."

"சரி, நான் வரேன்."

நாகையிலிருந்து மழையில் ஸ்கூட்டர் ஓட்டி வருவது சின்ன வேலை இல்லை. வழியில் ஒரு மரம் வேறு விழுந்து கிடந்ததாம். டீச்சர் வந்து சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அதற்குள் சிங்காரவேலு அப்டேட் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது. பழைய மென்பொருளும் மத்தியானத்தோடு செத்துவிட்டது. வாசலில் படகுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். "செய்தி போயிடுச்சா மாமா?" என்று ஆளுக்கொரு முறை கேட்டார்கள்.

சங்கத் தலைவர் வைரக்கண்ணு ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை ஜன்னல் அடித்துக்கொள்ளும்போதும் "முருகா" என்றார்.

டீச்சர் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தார். உட்காரவில்லை.

"என்ன சொல்லுதுண்ணே?"

"ஃபைலு கெட்டுப்போச்சுன்னு சொல்லுது."

"அது நீங்க சொல்றது. அது சொல்றதைப் படிங்க."

சிங்காரவேலு பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். "'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை.'"

"இதுல கெட்டுப்போச்சுன்னு எங்க இருக்கு?"

"செல்லாதுன்னா கெட்டுப்போச்சுன்னுதானே டீச்சர் அர்த்தம்?"

"இன்னும்னு போட்டிருக்கே. இன்னும் பழுக்கலைன்னா அழுகிடுச்சுன்னா அர்த்தம்?"

டீச்சர் குனிந்து, மூலையில் இருந்த மணியின் மேல் மவுஸைக் கொண்டுபோனார். ஒரு கணம் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"இப்ப மணி என்னண்ணே?"

"ரெண்டேகால்."

"எந்த ஊர்ல?"

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன டீச்சர் கேள்வி இது? இந்த ஊர்லதான். வெள்ளாத்துக்குப்பத்துல. வேற எந்த ஊர்ல நிக்கிறோம்?"

"உங்க மச்சான் சிங்கப்பூர்லதானே இருக்காரு?"

"ஆமா. கோவிந்து. அதுக்கென்ன இப்ப?"

"அவருக்கு ஒரு போன் போடுங்க."

"டீச்சர்!"

"அங்க மணி என்னன்னு கேளுங்க."

சிங்காரவேலு தலைவரைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்கிற பார்வை. தலைவரும் அதையேதான் நினைத்தார். ஆனால் குரு சொன்னால் செய்கிற பழக்கம் சிஷ்யருக்கு இருந்தது. எண்ணைத் தட்டினார்.

"என்ன மச்சான், இந்த நேரத்துல? டூட்டில இருக்கேன். அங்க புயலாமே, புகழு கரையிலதானே இருக்கான்?"

"அங்க மணி என்ன கோவிந்து?"

"மணியா?"

"மணிதான்யா. சொல்லு."

"நாலேமுக்கால். ஏன் மச்சான், என்ன ஆச்சு? புகழு எங்க?"

சிங்காரவேலு போனை வைத்துவிட்டார். "நாலேமுக்காலாம். போதுமா? என் புள்ள நடுக்கடல்ல கிடக்கான். நான் சிங்கப்பூர்ல மணி கேட்டுக்கிட்டிருக்கேன்."

"இப்ப மெஷினைக் கேளுங்க. அது எந்த ஊர்ல இருக்குன்னு."

அவர் மணியின் மேல் மவுஸைக் கொண்டுபோனார். சின்னதாக ஒரு கட்டம் திறந்தது. அதில் ஊர்ப் பெயர் இருந்தது.

சிங்கப்பூர். மணி இரண்டேகால்.

ஜன்னல் அடித்துக்கொண்டது.

"சிங்கப்பூர்ல இப்ப ரெண்டேகாலா அண்ணே?"

"இல்ல. நாலேமுக்கால்."

"அப்ப மெஷினு?"

சிங்காரவேலு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் வைரக்கண்ணு திடீரென்று முருகன் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். இந்த நிலையத்தின் திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை. நல்ல நேரத்துக்குள் முதல் செய்தி கடலுக்குப் போக வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்திருந்தது. சிறப்பு விருந்தினர் வந்தால்தானே? மாலையும் கையுமாக எல்லோரும் காத்திருந்தார்கள். நல்ல நேரம் போயிற்று. ராகுகாலமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் காரின் சத்தம் கேட்டது. விருந்தினரைத் திருப்பியனுப்பவும் முடியாது, ராகுகாலத்தில் தொடங்கவும் முடியாது. தலைவர் சிங்காரவேலுவின் காதருகே குனிந்தார். "அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால தள்ளி வையேன். முதல் செய்தியில நல்ல நேரம் விழட்டும். சாமிக்குத் தெரியாதா நம்ம மனசு?"

சிங்காரவேலு சரியாக இரண்டரை மணி பின்னால் தள்ளி வைத்தார். கடிகாரம் தன்னைத்தானே திருத்திக்கொள்ள ஒரு வசதி இருந்தது. அதையும் அணைத்து வைத்தார். முதல் செய்தி நல்ல நேரத்தில் போனது. கைதட்டினார்கள், கேசரி சாப்பிட்டார்கள்.

மறுநாள் யாரோ "என்னப்பா, மணி தப்பா காட்டுது" என்றார்கள். நேரத்தில் மறுபடி கைவைக்க அவருக்கு மனசு வரவில்லை. நல்ல நேரத்தில் வைத்தது, கலைக்கலாமா? கீழே ஊர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வோர் ஊராக மாற்றிப் பார்த்தார். சிங்கப்பூர் என்று வைத்ததும் மணி கைக்கடிகாரத்தோடு அப்படியே பொருந்தியது. சரியாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். அன்றோடு மறந்தும் போனார்.

இதையெல்லாம் டீச்சரிடம் ஒளிக்காமல் சொல்லி முடித்தார்.

"மெஷினுக்கு உள்ளுக்குள்ள நேரம் ரெண்டரை மணி பின்னால நிக்குது" என்றார் டீச்சர். "நம்ம கணக்குல அதுக்கு இன்னும் பகல் பன்னெண்டுகூட ஆகலை. தலைமை நிலையம் ரெண்டு மணிக்கு முத்திரை குத்தின பார்சலைக் கொண்டாந்து நீட்டுது. இனிமேதான் கட்டப்போற பார்சலை அது எப்படி வாங்கும்?"

"இத்தனை நாளா வாங்கிச்சே டீச்சர்?"

"இத்தனை நாளா என்னிக்கோ முத்திரை குத்தி ஆறின பார்சல் வந்துச்சு. இன்னிக்குப் புயலு. மணிக்கு ஒருதரம் புதுசா முத்திரை குத்துறாங்க."

"அதான் நான் எத்தனை தரம் அழுத்தியும்..."

"ஆமா."

சிங்காரவேலு எழுந்தார். மவுஸைப் பிடித்தார். தானாகத் திருத்திக்கொள்ளும் அந்த வசதியைத் தேடிப் பிடித்தார். அம்புக்குறி அதன் மேல் போய் நின்றது.

"கலைக்கப் போறியா?" என்றார் தலைவர்.

"ஆமா தலைவரே."

"இப்ப ராகுகாலம்டா. வியாழக்கிழமை. மூணு மணிக்கு முடிஞ்சிடும். அதுவரைக்கும் பொறு. புள்ளைங்க உசுரு விஷயம்."

சிங்காரவேலுவின் கை நின்றுவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ராகுகாலத்தில் அந்த வீட்டில் உப்புகூட வாங்க மாட்டார்கள். புகழேந்தியின் கல்யாணத்துக்கு மூன்று ஜோசியரைக் கேட்டவர் அவர். பெற்ற பிள்ளை கடலில் இருக்கும்போது ராகுகாலத்தில் ஒரு காரியத்தைத் தொட அவருக்குப் பயமாக இருந்தது. தொடாமல் இருக்கவும் பயமாக இருந்தது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வாசலில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

தலைவர் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"ஏன் சிங்காரம், இந்த மெஷினு சிங்கப்பூர்லதானே இருக்கு? அங்க நாலேமுக்கால்னு உன் மச்சானே சொன்னான். அந்தக் கணக்குப்படி பார்த்தா ராகுகாலம் அப்பவே முடிஞ்சிடுச்சுல்ல?"

சிங்காரவேலு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போதும் தலைவரே" என்றார். "ஒருதரம் கணக்கு பார்த்தது போதும்."

அழுத்தினார். ஊரையும் மாற்றினார். மூலையில் இருந்த மணி ஒருமுறை சிமிட்டியது. பிறகு நின்றது. இரண்டு இருபத்தெட்டு.

தலைவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "முன்னயும் இதேதானே காட்டிச்சு? என்னத்த மாத்தினே நீ?"

சிங்காரவேலு அப்டேட் பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சிவப்பு வரவில்லை. கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. பாதியில் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்து முடிந்தது.

"புயல். உடனே கரை திரும்பவும்."

பதினோரு படகுக்கும் போனது. பெட்டியில் செய்தியைப் பார்த்தவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தினால் இங்கே படகின் பெயர் பச்சையாகும். முதலில் இரண்டு பச்சை. கொஞ்ச நேரம் கழித்து நான்கு. வாசலில் நின்ற பெண்கள் உள்ளேயே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயர் பச்சையாகும்போதும் யாராவது ஒருத்தி பெருமூச்சு விட்டு வெளியே போனாள். அறையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு பெயர் மட்டும் கறுப்பாக இருந்தது. 'சிக்கல் வேலவன்'.

சிங்காரவேலு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி அனுப்பினார். காற்று இப்போது ஊளையிட ஆரம்பித்திருந்தது. எங்கோ ஓர் ஓடு விழுந்து உடைந்தது. தலைவர் முருகனையும் கூப்பிடவில்லை. சிங்காரவேலு மறுபடி அனுப்பினார். பெட்டியை அணைத்து வைத்திருக்கிறானா? பேட்டரி தீர்ந்துவிட்டதா? இல்லை, அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை. இன்னொரு முறை அனுப்பினார்.

பெயர் பச்சையானது.

அவர் கத்தவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். தலைவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் நல்ல நேரத்துல ஆரம்பிச்ச பலன்டா சிங்காரம்" என்று சொல்லிவிட்டு, படகுகள் வந்து சேரும் துறைக்கு ஆட்களைத் திரட்டப் போய்விட்டார்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். சிங்காரவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகை நின்றதும் அடியிலிருந்து கோபம் ஏறி வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளுங்கண்ணே."

"வந்ததும் மவுஸை அதுமேல வச்சுப் பார்த்தீங்க. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ஆமா."

"நேரம் தப்பா இருக்குண்ணேன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லாம மச்சானுக்குப் போன் போடச் சொன்னீங்க. என் புள்ள கடல்ல கிடந்தான் டீச்சர். அந்த நேரத்துல அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் உங்களை மன்னிச்சிருப்பேனா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சொல்லியிருந்தா, நீங்க இன்னொரு ஊரைத் தேடியிருப்பீங்கண்ணே."